வெறுங்கைத் தீபாவளி

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கு முதல் நாள், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்கு வருவார். வருவார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். எழுந்தருளுவார் என்பதே சரி. ஹட்டனிலிருந்து எங்கள் சந்திக்கு பஸ் இருக்கிறது. சந்தியில் இறங்கி எட்டிப் பார்த்தாலே லயத்தின் கூரை தெரியும். ஆனாலும் ஐயா ஹட்டனிலேயே ஆட்டோ பிடித்துவிடுவார். கோயில் வளைவில் ஒரு ஹோன் சத்தம், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒரு ஹோன், லயத்து வாசலில் விடாமல் நீளமாக ஒரு ஹோன்.

இறங்கியதும் விநியோகம் ஆரம்பமாகும். வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின், ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு ரவிக்கைத் துணி, பிள்ளைகளுக்குப் பட்டாசு. கொழும்பில் ஒரே அறையில் பத்துப் பேரோடு பாய் விரித்து, ராத்திரிக்குப் பாணும் பருப்பும் தின்கிற மனுஷன், இங்கே மூன்று நாள் ராஜா. நாலாம் நாள் காலையில் ராஜா என் பக்கத்தில் வந்து தலையைச் சொறிவார்.

"புள்ள, பஸ்ஸுக்கு ஏதாச்சும் இருக்கா?"

கொழுந்து பறித்துச் சேர்த்ததில் மிச்சம் பிடித்ததை எடுத்துக் கொடுப்பேன். அவர் மட்டும் இல்லை. எங்கள் லயத்தில் கொழும்புக்குப் போன அத்தனை பேரும் இப்படித்தான். ஒரு வருஷம் கடைசி வீட்டுப் பையன் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி கொண்டு வந்தான். அன்றைக்கு எங்கள் ஆளுக்குச் சோறே இறங்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்பேன். எங்கள் மகள்தான் என்னைக் கலங்க வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, தட்டோடு கொண்டுபோய், "குடிங்க" என்று நீட்டுவாள். நீட்டிவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொள்வாள். யாரோ கங்காணி வீட்டு மனுஷர் வந்த மாதிரி. அவருக்கு அது மரியாதையாகப் பட்டது. எனக்கு நெஞ்சு வலித்தது.

போன வருஷம் தீபாவளி நெருங்கும்போது சந்தியில் ஒரு சின்னக் கடை காலியானது. கடைக்காரர் மகனோடு போய் இருக்கப் போகிறார். "முன்பணம் குடுத்தா ஒங்களுக்குத்தான் தங்கச்சி. தீபாவளி தாண்டுனா வேற ஆளு கேக்குறாங்க" என்றார். துணியை விரலால் தடவியே சாயம் போகுமா போகாதா என்று சொல்லக்கூடியவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வெள்ளைத் துணி, ரவிக்கைத் துணி, மழையில் இடுப்பில் கட்டுகிற படங்கு என்று போட்டால் எங்கள் தோட்டத்துக்கு அது போதும். இனி அவர் கொழும்புக்கே போக வேண்டாம். கேட்ட முன்பணமும், அவர் தீபாவளிச் செலவுக்கென்று சேர்த்திருந்த காசும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போனில் சொன்னேன்.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். "வெறுங்கையோட லயத்துக்குள்ள எப்படிக் கால் வைக்கிறது? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

அந்த நாலு பேர் யார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களையே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். வீடு வீடாகப் போய், "இந்த வருஷம் எங்க ஆளு ஒண்ணும் கொண்டாற மாட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னேன். முகங்கள் சுண்டிப் போகும் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது.

"வயித்துல பால வாத்த தங்கச்சி! ஒங்க வீட்டுக்காரரு குடுக்குறதுக்குப் பதிலு செய்யணுமேன்னு பொங்கலுக்குப் பொங்கலு காதுத் தோட்ட அடகு வைக்கிறேன். ஒன் மகளுக்கு எடுக்குற பாவாட சட்டையெல்லாம் அதுலதான்."

கடைசி வீட்டிலோ, அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு இன்னும் மாதக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆளுக்கு முன்னால் தாழ்ந்து போகக்கூடாது என்று வாங்கினார்களாம்! கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இந்த நாலு பேருக்குப் பயந்து அவரும், அவருக்குப் பயந்து இந்த நாலு பேரும் வருஷக்கணக்காக வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

விஷயத்தைப் போனில் சொன்னபோது, "மானத்த வாங்கிட்டியே!" என்று அவர் வைத்துவிட்டார். ஆனால் காசு மறுநாளே வந்தது. நான் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் பொழுது சாய்கிற நேரம். ஹோன் சத்தம் இல்லை. ஒரு சின்னப் பையோடு பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கியவர், யார் கண்ணிலும் படக்கூடாதென்று மரக்கறித் தோட்டம் வழியாக லயத்துப் பின்பக்கம் பதுங்கிப் பதுங்கி வந்திருக்கிறார். லயத்து நாய்கள் சும்மா இருக்குமா? வருஷத்தில் மூன்று நாள் பார்க்கிற ஆளை அதுகளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சேர்ந்து வளைத்துக்கொண்டன. எல்லாவற்றையும்விட அதிகமாகக் குரைத்தது எங்கள் வீட்டு நாய். லயமே டோர்ச்சும் விறகுக்கட்டையுமாகத் திரண்டு வந்தது.

"யாருடா அங்க?"

"நான்தாங்க... நான்தான்" என்று முட்டைக்கோவா பாத்திக்கு நடுவிலிருந்து கையைத் தூக்கினார்.

ஆட்டோவில் வந்த எந்த வருஷமும் அப்படி ஒரு வரவேற்பு அவருக்குக் கிடைத்ததில்லை. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அந்தத் தீபாவளிக்கு அவர் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முறுக்குக் கொடுத்தது. தோடு அதன் காதிலேயே இருந்தது. நாலாம் நாள் காலையில் அவர் தலையைச் சொறியவில்லை. சந்திக்குப் போய்க் கடையைக் கூட்டினார்.

கடை ஓகோ என்று ஓடவில்லை. மழை மாதத்தில் படங்கு விற்பதால் தப்பிக்கிறோம். சில நாள் கல்லாவைப் பார்த்தால் எனக்கே பகீர் என்கிறது. ராஜாவுக்குப் பழைய ஞாபகம் வந்து, யாருக்காவது ஒரு முழம் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு.

போன கிழமை அவர் மழையில் நனைந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அப்பா, தேத்தண்ணி அடுப்புல இருக்கு. நீங்களே ஊத்திக்கிருங்க. எனக்கும் கொண்டாங்க."

"பாத்தியா ஒன் மகள? அப்பன்னு ஒரு மரியாத இருக்கா?" என்று என்னிடம் முறையிட்டுக்கொண்டே எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு தகரக் குவளை இருந்தது. ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார், மழைத் தண்ணீர் என்று சொன்னார். நானும் மழைத் தண்ணீர்தான் என்று விட்டுவிட்டேன்.