சிவப்பு நூல் கட்டிய இட்லிக் குண்டான்

லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டு அடுப்படியில் இட்லிக் குண்டான் ஒன்று தனியாக இருந்தது. அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், யாரும் இட்லிக்கு எடுத்துவிடக் கூடாது என்று. சுற்றியவர் என் நோயாளியின் நாத்தனார்.

நான் அப்போது அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் புது நர்ஸ். நோயாளிக்குக் கால் எலும்பில் சீழ். மூன்று வாரம், காலையும் மாலையும் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். கணவர் துபாயில் இருந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க முடியாது என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம். டாக்டர் கடைசியில் என்னிடம், “வீட்டிலயே போடும்மா. மறுபடி காய்ச்சல் வந்தா திருச்சிக்குத்தான். காலை எடுக்க வேண்டியிருக்கும்” என்றார்.

எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. பதினோரு வரி எழுதி நாத்தனாரிடம் கொடுத்தேன். குண்டானில் கண்ணாடி சிரிஞ்சு மூழ்கும் அளவு தண்ணீர், கொதி வந்தபின் இருபது நிமிடம், கை படக் கூடாது என்று போகும். ஒரு வரியும் பிசகாமல் செய்தார். ஐந்தாம் நாள் காலை நான் போனபோது சிரிஞ்சு தட்டில் பளபளவென்று உலர்ந்து கிடந்தது.

“தொடச்சீங்களா?”

“புதுத் துணியாலதாங்க. வூட்டுக்கு வந்தவங்ககிட்ட ஈரத்தோடயா நீட்டுறது? நேத்து சாயந்தரமும் தொடச்சுத்தானே வச்சேன்!”

நேற்று மாலையும் உலர்ந்துதான் இருந்தது. அவசரத்தில் நான் கேட்காமல் போட்டுவிட்டேன். கொதிக்க வைத்த சிரிஞ்சில் துணி பட்டால் கிருமியும் ஒட்டியிருக்கும்.

கட்டிலில் இருந்து நோயாளி நாத்தனாரைப் பார்த்து, “கால் போச்சுன்னா நீங்கதான் என்னை இடுப்புல தூக்கிட்டுத் திரியணும்” என்றார்.

“ஒன்னையும் புள்ளையையும் சேத்தே தூக்குறேன், சும்மா கெட” என்று அதட்டிவிட்டு, நாத்தனார் திரும்ப அடுப்பு மூட்டினார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

டாக்டரிடம் என் தவறு என்றே சொன்னேன். எழுதாத வரியை நாத்தனார் எப்படிப் படிப்பார்? பன்னிரண்டாவது வரியைச் சேர்த்தேன்: துடைக்கக் கூடாது. மூன்று நாள், நாளுக்கு நான்கு முறை போய் தெர்மாமீட்டர் வைத்தேன். பாதரசம் ஏறவில்லை. மூன்று வாரம் முடிந்தபோது அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

இப்போது எனக்கு அரியலூரில் வேலை. சிரிஞ்சு உறையோடு வருகிறது, கொதிக்க வைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஊசி போடும் நோயாளிகளுக்கு இன்னமும் தாள் எழுதித் தருகிறேன். எதை விட்டேன் என்று அவர்களையே கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது குண்டான் நூலோடு அந்த வீட்டுப் பரணில் கவிழ்ந்திருந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து அந்தப் பெண்ணே டீ கொடுத்தார். தம்ளரின் வெளியே தண்ணீர் சொட்டியது.

உள்ளிருந்து நாத்தனாரின் குரல்: “தொடைக்கலைங்க சிஸ்டர், தைரியமா குடிங்க!”