டோக்கியேயின் கிழங்கு முத்திரை

நூற்று நான்கு நாள் கப்பல் பயணத்தில் டோக்கியே ஜெயித்தவை இவை. வளையம் எறியும் போட்டியில், கடற்படையில் முப்பது வருஷம் இருந்த ஒருவரை. கை மல்யுத்தத்தில், கப்பல் சமையற்கட்டில் மாவு பிசையும் ஆளை. அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான், சிரிக்காமல் எழுந்தான். லிஸ்பனில், ஒரு வார்த்தைகூடப் புரியாத மீன்காரியிடம் பேரம் பேசிப் பாதி விலைக்கு மத்தி. ஷோகி சதுரங்கத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குராமொத்தோவை, நாற்பத்தொரு ஆட்டம் ஆடி நாற்பத்தொன்றிலும்.

வயது எழுபத்திரண்டு. உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அகாஷி சந்தையில் ஐம்பது வருஷம் பேய்க்கணவாய் விற்றவள். எட்டுக் கால்களும் எட்டுத் திசையில் இழுக்கும் அந்த ஜந்துவை ஒரே பிடியில் அடக்குகிறவளுக்கு மாவு பிசைகிறவன் எம்மாத்திரம்?

அவளிடம் தோற்காதது எழுத்து ஒன்றுதான். அவள் பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினேழு நாள். அம்மா சீக்காகிப் படுத்ததும், இரட்டைத் தம்பிகளை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டோடு நின்றுவிட்டாள். அக்கா கினுயோ மட்டும் ஒன்பது வருஷம் படித்தாள். அதன் பிறகு டோக்கியேயின் வாழ்க்கை பேனா இல்லாமலேயே ஓடியது. வங்கியானாலும் வாசலுக்கு வரும் பொட்டலமானாலும் ஜப்பானில் பெயர் முத்திரை குத்தினால் போதும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அதைக் கினுயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நல்ல மையில் போட்டுக் கொடுத்தாள். அது தப்புத்தான். ஆனால் எழுத்து அழகாக இருந்தது.

கப்பலில் தினமும் காலையில் செய்தித்தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். கூட வந்த கினுயோ அதை உரக்கப் படிப்பாள், டோக்கியே தலையாட்டுவாள். யாராவது எதையாவது நீட்டினால், கண்ணாடியை அறையில் வைத்துவிட்டதாகச் சொல்லிவிடுவாள். ஷோகிக் காய்களில் எழுத்து இருக்கிறதே என்றால், அவளுக்கு அவை எழுத்தல்ல, முகங்கள். கிட்டத்தட்ட நூறு நாளாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி, ஹொனலுலு தாண்டி நடுக்கடலில், கினுயோவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. கோபே துறைமுகம் சேரும்வரை யாரும் பார்க்கக்கூடாதென்று மருத்துவர் அவளைத் தனியறையில் போட்டார். அதே நாள் இன்னொரு தொற்றும் கப்பலில் பரவியது. பயணம் முடியப் போகிறதென்றதும், ஆளாளுக்கு நோட்டும் சதுர அட்டையும் தூக்கிக்கொண்டு, ஞாபகத்துக்கு ரெண்டு வரி எழுதுங்கள், பெயரையும் போடுங்கள் என்று கிளம்பினார்கள். இத்தனை பேரை ஜெயித்தவளை விடுவார்களா?

டோக்கியே விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தாள்.

"என்ன ஆச்சு, டோக்கியே அம்மா?" என்றார் குராமொத்தோ.

"கதவுல நசுங்கிடுச்சு, ஹெட்மாஸ்டர். எழுதவே முடியல."

மறுநாள் அவர் கூர்ந்து பார்த்தார். "நேத்து இடது கைல இருந்துதே கட்டு?"

"வலி இடம் மாறிடுச்சு."

கட்டு இனி உதவாது. அன்றே சமையற்கட்டுக்குப் போய், முன்பு தன்னிடம் தோற்ற ஆளிடம் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சின்னக் கத்தியும் கேட்டு வாங்கினாள். கிழங்கைக் குறுக்கே வெட்டி, வெட்டின பக்கத்தில் ஒரு பேய்க்கணவாயைச் செதுக்கினாள். உருண்டைத் தலை, முழித்த கண், எட்டுக் கால். சிவப்பு மையில் தொட்டு முதல் நோட்டில் ஒரு குத்து.

"எழுத்தெல்லாம் எல்லாரும் எழுதுவாங்க. இது அகாஷிக்காரி முத்திரை."

அதுதான் வினையாயிற்று. சாயங்காலத்துக்குள் வரிசை மாடிப்படி வரை நின்றது. சட்டை முதுகில் குத்தச் சொன்னார்கள். ஒருவர் தன் வழுக்கைத் தலையைக் குனிந்தார். மூன்றாம் நாள் கிழங்கு காய்ந்து சுருங்கி, பேய்க்கணவாய்க்கு ஒரு கால் உதிர்ந்தது.

"ஏழுதானே இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ண நேத்து வறுத்துத் தின்னுட்டேன். அடுத்தவங்க வாங்க."

கரையிறங்குவதற்கு முந்தின நாள் பகலில் குராமொத்தோ தன் நோட்டை நீட்டினார். பக்கத்தின் மேல்பாதியில் நண்பர்களின் வரிகள், கீழே காலி இடம். டோக்கியே வாங்கினாள், குத்தினாள், கொடுத்தாள். அவர் பார்த்தார். பேய்க்கணவாய் தலைகீழாக நின்றது, கால்களெல்லாம் வானத்தைப் பார்த்து. நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குத்தியிருந்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் வகுப்பறையில் நின்ற மனிதருக்கு அது போதும். வரிசை கலையும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஆளுக்கொரு சுங்க அட்டை நிரப்பணும். உங்க அக்காவும் படுத்திருக்காங்க. நானே எழுதி, கையெழுத்தும் போட்டுடறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்மா."

நாற்பத்தொரு தடவை தோற்றபோதும் அந்த முகத்தில் மரியாதை இருந்தது. இப்போது அதில் இரக்கம் வழிந்தது. எழுத்துத் தெரியாததுகூட டோக்கியேவுக்கு அத்தனை கசக்கவில்லை. தன்னிடம் தோற்றவர் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? அந்த முகத்தோடு அவரைக் கரையிறங்க விடக்கூடாது. இருந்தது ஒரே ஒரு பகல். அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, என் பேரு எப்படி இருக்கும்?"

"காய்ச்சல் எனக்கா, உனக்கா?"

"வெளையாடாத. எழுதினா பாக்க எப்படி இருக்கும்?"

கினுயோ எழுந்து உட்கார்ந்தாள். "மூணு எழுத்து. முதல்ல ஒரு கம்பத்த நட்டு வை. நடுவுலேர்ந்து வலது பக்கமா ஒரு கோட்டச் சரிச்சு இறக்கு."

"ஒத்தக் கை ஆளு. அடுத்தது?"

"ரெண்டு மீனக் குறுக்க வச்சு ஒரே குச்சில குத்தினாப்ல. குச்சி ரெண்டு பக்கமும் நீட்டணும்."

"அப்புறம்?"

"மேல ஒரு பலகை, கீழ ஒரு பலகை, நடுவுல ஒரே கால்."

"அந்த ஸ்டூல்ல எவ உக்காருவா? விழுந்துருவாளே. அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மொத்தம் எட்டுக் கோடு."

"எட்டா! இதுக்கா அந்த மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கினாரு?" கொஞ்சம் நிறுத்தி, "ஏன்க்கா, இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

கினுயோ ரொம்ப நேரம் இருமினாள். காய்ச்சல் இருமல் அவ்வளவு நீளமாக இருக்காது.

"நான் படிச்சுக் காட்டினாத்தான நீ என்கூடவே சுத்துவ," என்றாள் கடைசியில். "போடி, போய் எழுதிப் பாரு."

இருட்டுவதற்குள் ஏழு கைத்துடைப்புத் தாளும் பழைய கப்பல் செய்தித்தாள் நான்கின் ஓரங்களும் தீர்ந்தன.

மறுநாள் காலை கோபேயின் மலைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டன. பெட்டிகளெல்லாம் முன்னாலேயே போய்விட்டதால் நடைபாதை காலியாகக் கிடந்தது. கூடத்தில் குராமொத்தோ இரண்டு அட்டைகளோடு காத்திருந்தார், அதே முகத்தோடு. டோக்கியே எதிரில் உட்கார்ந்தாள். விலாசம், பிறந்த தேதி, கப்பல் பெயர், பாஸ்போர்ட்டைப் பார்த்து அதன் எண், எல்லாம் அவர் எழுதட்டும் என்று விட்டாள். கையெழுத்துக் கட்டத்துக்கு அவர் பேனா போனதும் கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அது என் கட்டம்."

பேனாவைக் கத்தி மாதிரி பிடித்தாள். கம்பம். ஒற்றைக் கை. குறுக்கே இரண்டு மீன், நடுவில் குச்சி. பலகை, கால், பலகை. பேனாவுக்காகப் பின்னால் காத்து நின்ற பெண்மணி பெருமூச்சு விட்டாள். டோக்கியே அவசரப்படவில்லை.

குராமொத்தோ அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இரக்கத்தைக் காணோம். "குடும்பப் பேரு எங்க?" என்றார், தலைமையாசிரியராகவே.

"அது செத்துப்போன என் வீட்டுக்காரரோடது. வேணும்னா அவரே வந்து எழுதட்டும்."

"பாஸ்போர்ட்ல கையெழுத்து வேற மாதிரி இருக்கே?"

"அது அக்கா போட்டது. எனக்கு எழுதத் தெரியாது. நேத்துதான் கத்துக்கிட்டேன். சத்தமாவே கேளுங்க, ஹெட்மாஸ்டர், எல்லாருக்கும் கேக்கட்டும்."

எல்லாருக்கும் கேட்டது. பெருமூச்சு விட்ட பெண்மணி முதலில் கைதட்டினாள். குராமொத்தோ அவசரமாகத் தன் நோட்டை எடுத்து விரித்தார், இம்முறை சரியான பக்கமாகத் திருப்பி. "அப்போ இதுலயும் ஒண்ணு போடுங்க."

"ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுட்டு வாங்க," என்று அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, டோக்கியே படியிறங்கிக் கரைக்குப் போனாள்.

அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 டிசம்பர் 11, புதன்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம்.