ஒரு சொல் இங்கிலீஸ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இங்கிலீஸ் என்பது மொத்தமே ஒரு சொல்தான் என்று என் மாமா என்னை நம்பவைத்தார். நம்பியதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. மொன்றியலில் நான் படித்த பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு. வீட்டில் தமிழ். இங்கிலீஸ் என்பது ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பேசுவது. எங்கள் வீட்டில் அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர் மாமா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் இரண்டு வருடம் வேலை செய்து, அது சரிவராமல் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. பகலில் எங்கள் சோபாவில் படுத்திருப்பார். கால் நீட்டினால் சோபா போதாது. அப்படிக் கால் தொங்கப் படுத்தபடிதான் எனக்கு இங்கிலீஸ் வாசல் திறந்து வைத்தார்.

"கெட் எண்டு ஒரு சொல் இருக்கு பிள்ளை. அது காணும். மிச்சச் சொல்லெல்லாம் படிச்ச ஆக்கள் பாவிக்கிறதுக்கு."

சொன்னதோடு நிற்காமல் நிரூபித்தும் காட்டினார். எழும்பு என்றால் கெட் அப். வாகனத்தில் ஏறு என்றால் கெட் இன். வெங்காயம் எடுத்துவா என்பதற்குக் கெட் ஆனியன். வெளிக்கிடுவது கெட் ரெடி, வீடு போய்ச் சேருவது கெட் ஹோம், கோபம் வந்தால் கெட் ஆங்ரி, கல்யாணம் முடித்தால் கெட் மேரீட், வருத்தம் மாறினால் கெட் வெல், கிழவனானால் கெட் ஓல்ட். பிறப்பதற்கு மட்டும் வேறு சொல்லாம். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அதனால் விட்டுவிட்டார்கள் என்றார். பாடம் முடிந்ததும் கதவைக் காட்டி, "கெட் அவுட்!" என்று ஒரு சத்தம் போடுவார். நான் சிரித்துக்கொண்டே ஓடுவேன். ரொறன்ரோ முதலாளி இரண்டு வருடமாக மாமாவிடம் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என்பதோ, கடைசியாகப் பேசியது எது என்பதோ எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் ஒரு கொப்பி எடுத்து எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன்.

எழுத நேரம் நிறையவே இருந்தது. அந்தக் கோடையில் நான் மிகவும் தனியாக இருந்தேன். மொன்றியல் நோர் பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கீழ் மாடியில் இருந்த ஹெயிட்டிச் சிநேகிதி ஆனி மாதமே குடும்பத்தோடு லவாலுக்கு வீடு மாறிவிட்டாள். வகுப்பில் மற்றவர்கள் கோடை முகாம்களுக்குப் போனார்கள். அப்பா விடியவே ஜான் தலோன் சந்தைக்கு மரக்கறிப் பெட்டி இறக்கப் போய்விடுவார். அம்மாவுக்குப் பின்னேர வேலை. மாமா இருந்தும் தூக்கத்தில் இருந்தார். நான் கரம் போர்டை விரித்து இரண்டு பக்கமும் மாறி மாறி இருந்து விளையாடுவேன். வெல்வதும் நான்தான், தோற்றுப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் நான்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போக, ஒருநாள் முழுக்க என் பெயரை யாரும் கூப்பிடாமல் பொழுது பட்டுவிடும்.

அப்படியிருக்கையில், ரொறன்ரோப் பெரியம்மாவின் மகள் எங்கள் வீட்டில் வந்து நிற்கப் போகிறாள் என்றார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது பார்த்ததாம். எனக்கு அது நினைவில் இல்லை. எனக்கு ஒரு அக்கா வரப்போகிறாள் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

மிச்சத்தை அம்மா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார். "பெரியம்மாவுக்கு வயித்துக்க ஒரு கட்டி. ஓப்பரேசன் செய்யப் போகினம். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அம்மாவுக்கு ரெண்டு வேலை, வீட்டில பாக்க ஆளில்லை எண்டுதான் சொல்லி அனுப்பினம். நீ வாய் திறந்தியோ, தெரியும்."

"நான் என்னெண்டு சொல்லுறது? அவவுக்குத் தமிழ் விளங்காதெல்லோ?" என்றேன்.

அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரியம்மா தொலைபேசி எடுக்கும் போதெல்லாம், "இவள் ஒரு சொல்லும் தமிழ் கதைக்கிறாள் இல்லையடி, முழுக்க இங்கிலீஸ்தான்" என்று குறைப்படுவார். குறைப்படும்போது குரல் சந்தோசமாக இருக்கும். அம்மாவும் தன் பங்குக்கு, "இஞ்சயும் அப்பிடித்தான் அக்கா, வாயைத் திறந்தாப் பிரெஞ்சு" என்று பெருமூச்சு விடுவார். பக்கத்தில் நின்று தோசைக்குச் சம்பல் கேட்டுத் தமிழில் கத்திக்கொண்டிருப்பேன் நான்.

பஸ் நிலையத்தில் அவள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லி. நீலச் சப்பாத்து. நான் ஓடிப்போய், "வாங்கோ அக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு சப்பாத்தைப் பார்த்தபடி, "ஹாய்" என்றாள். அத்தோடு என் தமிழை மடித்து வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே அவளிடம் என் இங்கிலீசை அவிழ்த்து விட்டேன். வெளி இரும்புப் படியில் ஏற, "கெட் அப்" என்றேன். இறங்க, "கெட் டவுன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். இரண்டாம் நாளிலிருந்து அவளும் அந்தச் சொல்லை வைத்தே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். பால் வாங்கத் தெருமுனைத் தெப்பனேர் கடைக்குப் போவது, மழை வருவதற்கு முன் உள்ளே வருவது, களைத்துப் போவது, பந்தைப் பிடிப்பது எல்லாவற்றையும் எப்படியோ கெட்டுக்குள் கொண்டுவந்துவிடுவாள். எனக்கு விளங்கினால், "யூ கெட் இட்!" என்று கையைத் தட்டுவாள். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல் என்று கண்டுபிடித்து, தன்னிடம் இருந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குள் அவள் குடிவந்தாள். நான் என்னவோ மாமா சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு சொல்லை வைத்து எவ்வளவு நேரம் பேச முடியும்? பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு படியில் மேலும் கீழுமாக இருந்து தெருவைப் பார்ப்போம். அவளுக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. லவாலுக்குப் போனவளைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியை மணந்து பார்த்த பெடியனைப் பற்றி. எல்லாம் தொண்டை வரைக்கும் தமிழில் வந்து நின்றுவிடும். தனியாக இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வாய் வலிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் சந்தைக்குக் கூட்டிப் போனார். கனகாலத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோசமாக இருந்த நாள் அது. பழக்கடைப் பெண் குனிந்து அக்காவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவள் மிரண்டுபோய் என் கையைப் பிடித்தாள். நான் அவளுக்காகப் பதில் சொன்னேன், அவளுக்காக மெர்சி என்று நன்றி சொன்னேன், இரண்டு பேருக்கும் பீச் பழத் துண்டு வாங்கினேன். திரும்பி வரும்வரை அவள் என் கையை விடவில்லை. இவள் இங்கேயே இருந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் நினைக்கத் தொடங்கினேன். என் பள்ளிக்கூடத்துக்கு வரலாம். நான் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பேன். என் கட்டிலில் இடம் இருந்தது.

மத்தியானத்தில் சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் பேசுவார்கள். அம்மா வேலைக்கு வெளிக்கிடும் முன் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுப்பார். பிறகு சோற்றைப் போட்டபடி எல்லாவற்றையும் ஒப்பிப்பார். டொக்டர் என்ன சொன்னார், கட்டி எவ்வளவு பெரிது, பெரியம்மா இரவெல்லாம் அழுதாராம், பெரியப்பா சாப்பிடுவதில்லையாம். நாங்கள் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருப்போம். நடுவில் ஒருமுறை அம்மா அக்காவின் பக்கம் திரும்பி, "ஈட், ஈட்" என்று சிரிப்பார். மாமா பகிடி விட்டால் அக்கா தலையைத் தட்டுக்கு மேல் குனிந்துகொள்வாள். உறைப்பு என்று அம்மா அவளுக்குத் தயிர் ஊற்றுவார்.

மூன்றாம் கிழமை ஒரு திங்கள், அப்பாவுக்கு லீவு நாள். ஓப்பரேசனை இன்னும் ஒரு கிழமை தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். உடம்பில் இரத்தம் காணாதாம், தாங்குவாவோ தெரியாதாம். அம்மாவின் குரல் உடைந்தது. எனக்கு என்ன தோன்றியது என்பதை இப்போதும் சொல்லக் கூசுகிறது. இன்னும் ஒரு கிழமை அக்கா இருப்பாள் என்று தோன்றியது. அதிலிருந்து ஒரு படி மேலே போய், நல்ல சத்தமாக, நல்ல தமிழில் கேட்டேன்.

"அம்மா, பெரியம்மா செத்துப்போனா அக்கா எங்களோடயே இருப்பாவோ?"

அப்பா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டார். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாயை மூடு சனியனே! நல்ல காலம் அதுக்கு விளங்கேல்லை."

அப்போது அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?"

எனக்குக் கிள்ளிய வலி போய்விட்டது. முழு வசனம்! நடுவில் கெட் இருந்தது, வாட்டரும் எனக்குத் தெரியும். குசினிக்கு ஓடி, கிளாஸ் நிரம்ப நிரம்பத் தண்ணீர் பிடித்து, தளும்பாமல் அடிமேல் அடி வைத்துக் கொண்டுவந்தேன். அவள் கை துடைக்கும் தாளை முகத்தில் அழுத்தியபடி இருந்தாள். "கறி உறைச்சுப் போச்சு" என்றார் அம்மா. நான் கிளாஸை வைத்துவிட்டுக் கொப்பியைத் தேடி ஓடினேன்.

ஓப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. ஆவணி முடிகிற நேரம் பெரியம்மாவும் பெரியப்பாவும் காரில் வந்தார்கள். பெரியம்மா பாதியாகி இருந்தார். மூன்று மாடி ஏற முடியாமல் கீழேயே காருக்குப் பக்கத்தில் நின்றார். நாங்கள் எல்லோரும் வெளிப்படியில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா எங்களை இடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"அம்மா! கட்டி முழுக்க எடுத்துட்டினமோ? இப்ப நோகுதோ அம்மா? ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

எங்கள் வீட்டில் பேசுவதைவிடச் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். பெரியம்மா அவளை அணைத்தபடி, அழுதுகொண்டே மேலே பார்த்துச் சிரித்தார். என்னைத்தான் கேட்டார். "உனக்கு இங்கிலீஸ் பழக்கினவளோ பிள்ளை? நான்தான் சொல்லிவிட்டனான், அங்க போய்ச் சும்மா இருந்து சாப்பிடாதை, அவளுக்கு இங்கிலீஸ் சொல்லிக்குடு, தமிழ் கதைச்சியெண்டால் அவள் பழகமாட்டாள் எண்டு. என்ரை பிள்ளை சொல்லுத் தட்டாது."

அப்பா படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா, வாய்க்கு வாய் பகிடி விடுகிற மாமா, தன் காலைப் பார்த்தார். அம்மா, "தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனார். குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. அது கனநேரம் நிற்கவேயில்லை. ஒரு தேத்தண்ணிக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று நினைத்தேன்.

எனக்கோ கோபம் தலைக்கு ஏறியிருந்தது. ஒன்றரை மாதம்! ஒன்றரை மாதம் முழுக்க இரண்டு பேரும் எவ்வளவு பேசியிருக்கலாம். என்னை ஒரு சொல்லோடு திரியவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டி எடுக்க மேலே வந்தபோது நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். வாசலில் நின்று, "நான் போட்டு வாறன்" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய தமிழ் அவ்வளவுதான். நான் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. கார் போனபிறகு கரம் போர்டை எடுத்தேன். விரிக்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

பெரியம்மா இன்றைக்கும் சுகமாக இருக்கிறார். கல்யாண வீடுகளில் அக்காவைச் சந்திப்பேன். கட்டிப்பிடித்து, பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள். எல்லாம் இங்கிலீசில். என்னிடம் இப்போது இங்கிலீஸ் தாராளமாக இருக்கிறது. அவளும் நானும் அதைவிட்டு வெளியே வருவதில்லை. ஒருமுறை தமிழில் தொடங்கப் பார்த்தேன். அவள் பார்வை கீழே போனது. நானே இங்கிலீசுக்கு மாறிவிட்டேன்.

போன வருடம் அம்மா வீடு மாறியபோது அந்தக் கொப்பி கிடைத்தது. கெட் அப்பில் தொடங்கி, கோணல்மாணலான தமிழ் எழுத்தில் நாலைந்து பக்கம். கடைசியாக எழுதியிருப்பது அந்தத் திங்கட்கிழமை வசனம். கேன் யூ கெட் மீ சம் வாட்டர். பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு, "முழுக்க விளங்கினது" என்று எழுதியிருக்கிறேன். நான் அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்து வைத்த தண்ணீரை அவள் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை என்பதை எழுதவில்லை.