போபோடி வீட்டில் நான் குறித்த ‘இல்லை’

மூன்று வருடங்களுக்கு முன்பு, புனேயில் கணபதி விசர்ஜனம் முடிந்து தெருக்கள் ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில் இது தொடங்கியது. மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் எட்டு வருடம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மகள் பிறந்த பிறகு வேலையை விட்டிருந்தேன். வானவடியில் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் தோழி ஒருத்தி, ஒரு தொண்டு அமைப்பு உடல்நலக் கணக்கெடுப்பு நடத்துவதாகவும், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடுவதாகவும் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து இந்தியில் தட்டுத்தடுமாறி, மராத்தியில் வாயே திறக்காமல் இருந்தவள் நான். தமிழுக்காக ஒருவர் என்னைத் தேடுகிறார் என்பதே பெருமையாக இருந்தது. யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

போபோடியில் சில சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருக்கிறார்கள். தொழிற்சாலை வேலைக்கும் கன்டோன்மென்ட் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள், புகையிலை, குடி போன்ற பழக்கங்கள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பும் என்னுடையது. ஒரே மாலையில் முடித்தேன். புகையிலைக் கேள்வியில் பீடி, சிகரெட், குட்கா என்று ஒரு பட்டியல் இருந்தது. கடைசியாக இருந்த ‘மஷேரி’ மட்டும் எனக்குப் புரியவில்லை. அமைப்பின் மருத்துவரிடம் கேட்கச் சொன்னார் என் கணவர். இதற்கெல்லாமா போன் பண்ணுவார்கள், எல்லாம் புகையிலைதானே என்று அதை விட்டுவிட்டேன். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கமும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலையில் நான் படு சுறுசுறுப்பு. மற்றவர்கள் ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். நான் டீ கூட வாங்கிக் குடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். அப்படித்தான் ஓர் அக்கா வீட்டுக்கும் போனேன். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். கன்டோன்மென்ட் பக்கம் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து, மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர், புகையிலை என்றதும் முகம் சுளித்தார்.

“எனக்கு எதுக்குக் கண்ணு அந்தக் கருமம்? அதெல்லாம் என் வீட்டுக்காரரோட போச்சு.”

‘இல்லை’ கட்டத்தில் குறி போட்டேன். கிளம்பும்போது, காரம் பட்டால் கன்னத்தின் உள்பக்கம் எரிகிறது, ரொட்டி கூட மெல்ல முடியவில்லை, அதற்கு இந்தக் காகிதத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். என் படிவத்தில் வாய் எரிச்சலுக்குக் கட்டம் கிடையாது. செருப்பை மாட்டிக்கொண்டே, “வாய்ப்புண்ணா இருக்குமுங்க அக்கா, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிப் போடுங்க, சரியாயிரும்” என்றேன். நம் வீடுகளில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வைத்தியம்தானே. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எனக்கு ஒதுக்கியிருந்த சந்தில் ஒரு பெண் கூடப் புகையிலை பழக்கம் உண்டு என்று சொல்லவில்லை. விவரங்களைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கிக் கூட்டத்தில் காட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தமிழ்ப் பெண்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். வாய்ப் பரிசோதனைக்கு அமைப்பிடம் ஒரே ஒரு வண்டிதான் உண்டு. பழக்கம் அதிகமாகத் தெரிந்த சந்துகளுக்கு அதை முதலில் அனுப்புவது என்று முடிவானது. என் சந்து பட்டியலிலேயே வரவில்லை.

நான்கு மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்காக மறுபடி போனேன். வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே போயிருந்தேன். அந்த அக்கா வாசற்படியில் குந்தி உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இடது கையில் ஒரு சின்ன டப்பா. வலது ஆள்காட்டி விரலால் கருப்பாக எதையோ எடுத்து, அவசரமே இல்லாமல் ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வா கண்ணு. நீ சொன்ன மாத்திரையத் தவறாம போடுறேன். எரிச்சல்தான் கொறய மாட்டேங்குது.”

கையில் இருப்பது என்ன என்று கேட்டேன்.

“பல்லு தேய்க்கிறதுதான். மஷேரி. கல்யாணமாகி வந்த புதுசுல பல்வலின்னு அழுதேன். பக்கத்து வீட்டு மராட்டி மாவுஷி குடுத்துப் பழக்கிவிட்டாங்க. இது தேய்க்கலன்னா எனக்கு வேலையே ஓடாது.”

“எதுலீங்க அக்கா செய்யறது?”

“தம்பாக்குதான். தவாவுல கருக வறுத்துப் பொடி பண்றது.”

தம்பாக்கு என்றால் இங்கே புகையிலை. அவர் எதையும் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வாயில் போட்டு மெல்வதுதான் புகையிலை. அது ஆண்கள் செய்வது. இது பல்பொடி. பல் தேய்ப்பதைப் போய் யாராவது கெட்ட பழக்கம் என்பார்களா? இந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தனியாகப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதைத்தான் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

வாயைத் திறக்கச் சொல்லி போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. கன்னத்தின் உள்ளே வெள்ளையாகத் தடித்து, நடுவில் புண். அன்றே அவரையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். சில மாதங்கள் முன்பே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த மாதங்களில் அவள் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், நான் சொன்ன மாத்திரையை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கன்னத்தில் ஒரு பகுதியையும் தாடை எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அதெல்லாம் முடிந்து வீடு திரும்பியவரிடம் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லை விட்டது, குறி போட்டது, வண்டி வராமல் போனது, ஒன்றையும் ஒளிக்கவில்லை. திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். வார்த்தைகள் குழற, மெல்லப் பேசினார்.

“நானுந்தான கண்ணு இல்லன்னு சொன்னேன்.”

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அன்று ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் அழுதேன்.

அமைப்பின் மருத்துவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தெரியவில்லை என்றால் கேட்டிருக்கலாமே” என்று இந்தியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். அந்தச் சந்தில் முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்தமுறை புகையிலை என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலையில் எதை வைத்துப் பல் தேய்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். என்னிடம் ‘இல்லை’ என்று சொன்ன பெண்களில் பலர், கேட்டவுடனே உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து காட்டினார்கள். வண்டி வந்தது. ஒரு பெண்ணுக்கு வெள்ளைத் தடிப்பு ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது.

சிலர் பரிசோதனைக்கு வர மறுத்தார்கள். பல் தேய்ப்பதற்கெல்லாம் டாக்டரா என்று சிரித்தார்கள். அப்போது அந்த அக்கா, நானும் வருகிறேன் என்று என்னோடு கிளம்பினார். வீட்டு வாசலில் நின்று, கன்னத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கிக் காட்டுவார். பேச்சு அதிகம் இல்லை. சிரித்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

இன்று அவர் சமையல் வேலைக்குப் போவதில்லை. மகள் வேலைக்குப் போகிறாள். நான் போகும்போதெல்லாம் டீ போட்டுத் தருகிறார், அதை ஆறவைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரும் குடிக்கிறார். என் படிவத்தில் இருந்த ‘இல்லை’யை ‘ஆம்’ என்று திருத்த எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. அவர் அப்படிச் சாய்ந்து குடிப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், முதல் நாள் ஒரு டீ குடிக்கும் நேரம் அவரோடு உட்கார்ந்து, எங்கே எரிகிறது காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.