களுத்துறை ரயிலும் ஒரு பிடி செத்தல் மிளகாயும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள். நல்ல புத்தகங்களை வாசித்தவர்கள் முன்னால் இதைக் கொண்டுவந்து வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். ஒருவரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. முதலில் கண்ணுக்கு முன்னால் நெளிநெளியாக வெளிச்சம் ஓடுகிறது என்பாள். பிறகு வலி, குடலைப் பிரட்டிச் சத்தி. ஒரு நாள் கிடப்பாள், சிலவேளை இரண்டு நாள். அந்த நேரம் வெளிச்சம், சத்தம், மணம் ஒன்றும் ஆகாது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கடலைப் பார்க்கும் அந்த யன்னலைத்தான் சாத்தித் தடித்த திரை போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தினேன். மிளகாய் போட்டுத் தாளிப்பதையும் விட்டேன். புகை கூடாது என்று டொக்டர் சொன்னதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் மறந்தேன்.

அவளோடு அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும், அதுதான் என் ஆசை. வலி இல்லாத நாட்களில் விட்டுப்போன பாடங்களும் ரியூசனும் அவளைக் கொண்டுபோய்விடும். வலி வந்தால் பக்கத்தில் கதைக்கவே கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கீழே போகும் ரயிலில் கடல் பக்க யன்னலோரம் இருந்து களுத்துறை வரை போய்வர வேண்டும். தலையைப் பிளக்கிறது என்று காதைப் பொத்திக்கொள்வாளே, அதே ரயிலில். அவளுடைய அப்பாவுக்கு மருதானைக் கடையில் ஞாயிறும் வேலை. ஆகவே நாங்கள் இரண்டு பேரும்தான். மூன்று தரம் நாள் பார்த்து, மூன்று தரமும் வலி வந்து பயணம் நின்றுபோனது.

இந்த முறை இருபத்தாறு நாட்களாக வலி இல்லை. ஞாயிறு காலை போவதென்று நீலச் சட்டையை அயன் பெட்டியால் மினுக்கிக் கதிரையில் போட்டிருந்தாள். சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போன சட்டியைத் தர வந்தவர், மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை இப்ப நல்லாத் தெளிஞ்சிட்டா. இனி நோய் வருத்தம் கிட்டவும் வராது, பாருங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லே கண்ணூறாகிவிடும் என்று எனக்குப் பயம். அவர் போனதும் மூன்று செத்தல் மிளகாய், கல்லுப்பு, கீழே தெரு ஒழுங்கையில் எடுத்த கொஞ்ச மண் எல்லாம் கைக்குள் பொத்திக்கொண்டு, நாவூறு கழிக்க அவளைக் கிழக்கு முகமாக இருத்தினேன். அவளுக்குச் சிரிப்பு.

"நான் என்ன அம்மா, புதுசா வாங்கின வான் வண்டியா?"

"பேசாமல் இரு. துப்பு."

தலையைச் சுற்றி நீட்டிய என் கைக்குள் மூன்று தரம் துப்பினாள்.

காஸ் அடுப்பில் பழைய தாச்சிச் சட்டியை வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு பெரிது என்பது எங்கள் நம்பிக்கை. நெடி வரவில்லை. கடற்காற்றில் போத்தலுக்குள் மிளகாய் நமுத்துப்போயிருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய கண்ணூறா என்று பயந்து, இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. யன்னல்கள் சாத்தியிருந்தன. நான் திரும்பியபோது அவள் குசினி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு முன்னமே, வெளிச்சம் ஓடுகிறது என்றாள்.

ஞாயிறு காலை இருட்டறையில் நெற்றியில் ஈரத் துவாயோடு கிடந்தாள். கீழே ரயில் போனது. கட்டில் சட்டம் அதிர்ந்தது.

"எங்கட ரயிலா அம்மா?"

"ஓம்."

எல்லாவற்றையும் அப்போதே சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது.

"பிள்ளை, அந்தப் புகை..."

"தெரியும். இப்ப கதைக்காதேங்கோ. கையை வையுங்கோ, அதுவே காணும்."

வைத்தேன். துவாய்க்குக் கீழே நரம்பு துடித்தது. ரயில் இப்போது தெகிவளை தாண்டியிருக்கும், கல்கிசை தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மொரட்டுவை, பாணந்துறை. களுத்துறைப் பாலம் வரும்போது அவள் என் பக்கம் திரும்பி என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். தெரியவில்லை. அவள் நித்திரையான பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினொரு மணிக்கு எழும்பி இரண்டு துண்டு பாண் சாப்பிட்டாள். நான் போத்தலில் மிச்சமிருந்த மிளகாயை மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டேன்.