கேற்றடிக் கொப்பி

கடல் வந்து போன பிறகு எங்களுக்கு மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் எவரும் படியேறி நித்திரைக்குப் போனதில்லை. வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்தார்கள். போகும்போது எங்களை ஒரு பராமரிப்புச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சங்கம் என்றால் அதன் தலைவர்தான். ஏதோ கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கீழ்மாடியில் முதல் வீடு அவருடையது.

தண்ணீர் மோட்டார் பழுதானால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். படியில் பல்ப் எரிந்துபோனால் அதோடு சரி. ஆனால் சுவரில் ஒட்டுகிற நோட்டீசுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. பல்கனியில் மீன் காயவிடக்கூடாது. படியில் வலை போடக்கூடாது. மேல்மாடிகளில் உரல் இடிக்கக்கூடாது. வாவியில் மீன் பிடித்து, பிட்டுக்கு மா இடித்து வாழ்ந்த சனத்திடம் இதையெல்லாம் சொன்னால், மூச்சு விடக்கூடாது என்று ஒரு நோட்டீஸ்தான் பாக்கி என்பாள் அம்மா.

எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் கேற்றில் வைத்திருந்த கேற்றடிக் கொப்பி. எங்கள் வாச்சர் ஒரு மண்டூர்க்காரர். வயல் செய்ய முடியாமல் போய்க் காவல் வேலைக்கு வந்தவர். அவருடைய மேசையில் அந்தக் கொப்பி விரித்தபடி கிடக்கும். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். பத்து வயதில் எனக்கு அந்த உத்தியோகத்தில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். யார் நீங்கள் என்று தலைவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஒருமுறை அவர்கள் பார்த்துவிட்டுப் போன மறுநாள், மூன்றாம் மாடிக்கு விருந்தாக வந்திருந்த பொடியன் ஒருவன் கடைக்குப் போனான். அவன் திரும்பி வரவேயில்லை.

அந்த நாட்களில்தான் வாகரைப் பக்கம் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. மாமாவும் தப்பி வந்து டவுனில் நிற்பதாகத் தகவல் கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி. என் அப்பாவையும் அம்மாவின் மற்றச் சகோதரங்களையும் கடல் எடுத்த பிறகு, என்னைத் தவிர அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். அவருக்கு இருபத்திரண்டு வயது. வாகரையிலிருந்து வருகிறவனுக்கு அந்த வயதே ஒரு குற்றமாக இருந்த காலம் அது. அவருடைய பெயர் அந்தக் கொப்பியில் ஏறக்கூடாது. இன்று இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா உரலை நடு அறைக்கு இழுத்து வந்து உலக்கையை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். உரலுக்குள் வெறும் உமி.

"உமிய ஏனம்மா இடிக்கிற?"

"உன்ட வேலயப் பாரு புள்ள."

அம்மா நாலு குத்துக் குத்தியிருக்கமாட்டாள், மேல் வீட்டிலும் உரல் சத்தம் எழுந்தது. பிறகு பக்கத்து வீட்டில். பிறகு எதிர் வீட்டில். கட்டடம் கிடுகிடுத்தது. கீழே தலைவரின் சோற்றுக் கோப்பைக்குள் சுண்ணாம்பு கொட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, வாச்சரையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். அம்மா கதவைத் திறந்து, கையில் உலக்கையோடு வாசலை மறித்து நின்றாள்.

"இடிக்க ஏலாதெண்டு நோட்டீஸ் போட்டிரிக்கு. கண் தெரியாதா?"

"மூணு மாசமாத் தண்ணி இல்லாமக் கிடக்கம். அதுக்கு ஒரு நோட்டீஸையும் காணல்லயே" என்றாள் அம்மா. "இடிப்பம். என்ன செய்வீங்க?"

"வீட்ட விட்டு எழுப்புவன்!"

"கடலே எழுப்பிப் பாத்திட்டு. நீங்க எம்மாத்திரம்?"

மேல்படியில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அம்மாவைப் போல ஓர் ஆள் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தச் சண்டையின் நடுவில் தற்செயலாகப் பல்கனிப் பக்கம் திரும்பினேன். கேற்றடியில் கதிரையும் மேசையும் கொப்பியும் மட்டும் இருந்தன. மாமா ஒரு பொலித்தீன் பையோடு, சொந்த வளவுக்குள் வருகிறவர் மாதிரி நடந்து வந்து மறுபக்கப் படியால் ஏறினார். சற்று நேரத்தில் எதிர் வீட்டில் உரல் சத்தம் நின்றது. அம்மாவும் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "சரி, இடிச்சி முடிஞ்சி" என்று சொல்லிக் கதவை மூடினாள். எங்கள் மா இடிக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் நாங்கள் வென்றுவிட்டோம் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அன்றிரவே எதிர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மாமா உள்ளறையிலேயே கிடந்தார். பல்கனிக்கு வரமாட்டார், இருமக்கூடமாட்டார். மாமா வந்ததை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்தேன். மீன் விற்க வருகிற பெண்ணின் பெயர்கூடக் கொப்பியில் இருக்கிறது, மாமாவின் பெயர் மட்டும் இல்லை. அதனால்தான் பாவம், வெளியே வரப் பயப்படுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். ஒருநாள் மத்தியானம் வாச்சர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மாமாவின் முழுப்பெயரையும் ஊரையும் என் மிக வடிவான எழுத்தில் எழுதினேன். போன நேரம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.

மேலே ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அடுத்த நொடி வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். நானும் அழுதபடி பின்னால் ஓடினேன். வாச்சர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்முன்னாலேயே அம்மா அந்தத் தாளைச் சரக்கென்று கிழித்தாள்.

"என்ன தங்கச்சி இது! பின்னேரம் அவனுகள் வாற நாள். நான் என்னத்தக் காட்டுற?"

"கிழிச்சது நான்தானெண்டு எழுதிக்கங்க அண்ண. என்ட பேர எத்தின தரமெண்டாலும் எழுதுங்க. என்ட தம்பிட பேர மட்டும் எழுத உடமாட்டன்."

சொன்ன பிறகுதான், தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் தலை குனியவில்லை. தாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். "மேல போங்க தங்கச்சி" என்று மட்டும் சொன்னார் வாச்சர்.

அந்த வாரமே மாமா போய்விட்டார். எப்படிப் போனார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று வாழைச்சேனையில் ஐஸ் வியாபாரம் செய்கிறார், இரண்டு பிள்ளைகள்.

அன்று அம்மா மேலே போன பிறகும் நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒரு தாளைக் கிழித்ததால் கொப்பியின் பின்பாதியில் அதன் சோடித் தாள் கழன்று ஆடியது. வாச்சர் அதையும் பக்குவமாக உருவி எடுத்தார். பிறகு அடுத்த பக்கத்தில், அன்று வந்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினார். ஒரு பெயரை நீலப் பேனையால் எழுதினார், அடுத்ததைக் கறுப்பால். ஒன்றைச் சாய்த்து, ஒன்றைக் கிறுக்கி. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரேமாதிரி எழுத வரவில்லையே என்று எனக்கு அழுகைக்குள்ளும் சிரிப்பு வந்தது. காலையில் மீன்காரிக்கு நான் எழுதிக் கொடுத்த வரி வந்ததும் பேனையை என்னிடம் நீட்டினார்.

"இத நீ எழுது மகள். காலையில எழுதின மாதிரியே எழுதோணும்."

என் எழுத்து அவ்வளவு வடிவு என்பதால்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தேன்.