காகிதத்துக்குக் கீழே தெரிந்த தேதி

நான் பார்த்து எழுதவில்லை, தெரிந்துகொண்டு எழுதினேன். என் தோழி ஜீனத்தின் வேலை போனது அதனால்தான். இதை உங்களிடம் சொல்கிறேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருவரும் உதவியாளர்கள். சில விண்மீன்கள் சீராக ஒளி கூடும், குறையும், மறுபடி கூடும். அந்த ஒளியைச் சரியாக மதிப்பிட்டால் வானத்துத் தொலைவுகளை அளக்க அவையே அளவுகோல். படங்கள் கண்ணாடித் தகடுகளாக வரும். அடியில் விளக்கெரியும் மேசையில் தகட்டை வைத்து, விண்மீன் விழுந்த கரும்புள்ளியை அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு மதிப்பெழுத வேண்டும்.

தகட்டின் ஓரத்தில் உள்ள தேதியைக் காகிதம் ஒட்டி மறைப்பது எங்கள் வழக்கம். தேதி தெரிந்தால், அன்று அது எவ்வளவு ஒளிர்ந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பிறகு கண் அதையே பார்க்கும். என் தகடுகளுக்கு ஜீனத் ஒட்டுவாள், அவளுடையவற்றுக்கு நான்.

விளக்குக்கு நேரே நகர்த்தினால் காகிதத்தின் ஊடே தேதி தெரிந்தது! ஒருமுறைதானே என்று நினைத்தேன்... பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் அதுவே பழக்கமானது.

ஏன் செய்தேன்? கோடம்பாக்கத்தில் சினிமாப் படப்பிடிப்புக்கு அரங்கம் அமைக்கும் தச்சர் என் அப்பா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். "எம் பொண்ணு நட்சத்திரத்துக்கே மார்க்கு போட்டுக்கினு கீது நைனா!" என்று தெருவெல்லாம் சொல்வார். நான் தவறாக எழுதலாமா? அந்தப் பயத்துக்குத் தன்மானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் வளைகோட்டில் என் மதிப்புகள் அழகாக அமர்ந்தன. ஜீனத்தினுடையவை சிதறின. நேர்மையான கண் என்றால் கொஞ்சம் சிதறத்தான் செய்யும்! தலைமை ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த மாதம் முதல் ஜீனத் வரவேண்டாம் என்றார்.

திருவல்லிக்கேணி பஸ்ஸுக்கு நிற்கையில் அவள் கேட்டாள். "கஸ்தூரி, நெஜமா சொல்லுடி. என் கண்ணுல எதுனா கோளாறு கீதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடேன்" என்றேன். இந்த வாயால்தான்!

என் மதிப்புகளால் கணக்கிட்ட தொலைவு அச்சேறிவிட்டது. யாராவது மறுபடி அளந்தால் அது திருந்திவிடும்.

போன வாரம் பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை வாசலில் ஜீனத் தன் தங்கையோடு நின்றிருந்தாள். கையில் இரண்டு நீல ரவிக்கைத் துணிகள்.

"எது டார்க்கு? நீயே பாத்துச் சொல்லுடி. என் கண்ணை நம்பினா கடைக்காரனுக்குத்தான் லாபம்" என்றாள் தங்கையிடம். என்னை அவள் கவனிக்கவில்லை.

தங்கை சிரித்தாள். ஜீனத்தும் சிரித்தாள்.

தங்கை பதில் சொல்வதற்கு முன்பே ஜீனத்தின் விரல் அடர்ந்த நீலத்தின் மேல்தான் இருந்தது. நான் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.